உழுந்தின் மேல் ஆறு சிலிண்டர்

வறுத்த உழுந்தின் வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அது காலையில் குசினிக்குள் இருந்து வர வேண்டும். நெடுங்கேணி றோட்டின் நடுவில், நான் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, சுப்பர்சார்ஜர் பூட்டிய ஆறு சிலிண்டர் கார் ஒன்றின் அடியில் இருந்து வரக் கூடாது.

அன்றைக்கு அங்கிருந்துதான் வந்தது. வாசனைக்குப் பின்னால் புகையும் வந்தது. காருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பெண்ணின் ஒரு போக விளைச்சல் காய்ந்த செடியோடு றோட்டில் பரவிக் கிடந்தது. மேலே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. கார் என்னுடையது அல்ல. உழுந்தும் என்னுடையது அல்ல. இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்த புத்தி மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது.

ஓடிப்பார்க்கிறவர்

என் தொழிலுக்கு முறையான பெயர் கிடையாது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஓடிப்பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வேன். பெண் பார்க்கப் போகும் வீட்டுக்கு விபரம் தெரிந்த மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்குக் கிடைக்கும் மரியாதையும் பலகாரமும் எனக்கும் கிடைக்கும். விஷயம் பிழைத்தால் மாமாவுக்குக் கிடைப்பதும் கிடைக்கும்.

அதற்கு முன்னர் லொறி ஓடினேன், பிறகு பஸ் ஓடினேன். சாமான் ஏற்றி முடியும்வரை காத்திருந்த நேரங்களில் எல்லாம் புத்தகம் வாசித்தேன். வாசிப்பு எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஆனால் வாகனச் சொந்தக்காரர் "ஒரு லேடி டொக்டர் மட்டும்தான் ஓடினவா" என்று தொடங்கும்போது, கதை எந்த இடத்தில் பிசகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். தொழிலில் இது சின்ன உதவி அல்ல.

கனகசபை முதலாளிக்கு வந்த ஆசை

வட்டக்கச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கும் கனகசபை முதலாளி ஒரு காலையில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, வவுனியாவில ஒரு கார் நிக்குது. ஆறு சிலிண்டராம். எஞ்சினுக்கு மூக்குக்குள்ளால காத்தடிக்கிற சாமான் ஒண்டும் இருக்காம். ஒருக்கா வந்து ஓடிப்பாரும்."

"ஆருக்கு முதலாளி?"

"எனக்குத்தான். ஏன், நான் ஓடக் கூடாதோ?"

"உங்களுக்கு நாரி நோவெல்லோ?"

"என்ர நாரிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏறேக்கை தெரியும்."

முதலாளிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுக்க லொறியிலும் உழவு மெசினிலும் இருந்து குலுங்கி, நாரி என்கிற இடுப்பைத் தேய்த்துக்கொண்ட மனிதர். அவருக்கு இப்படி ஓர் ஆசை வந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்படிப்பட்ட காரை நானும் அதுவரை தொட்டதில்லை. என் ஆசையை அவருடைய ஆசையின் நிழலில் ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

காரின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். கார் அவருடைய அக்காவின் வளவில், மாமரத்தின் கீழ் நின்றது. வெள்ளி நிறம், இரண்டு கதவு. நிலத்தில் படுத்துக்கொண்டு யாரையோ உளவு பார்ப்பது போன்ற தோற்றம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினார். ஏறினார் என்று எழுத முடியாது. கிணற்றுக்குள் இறங்குகிறவர் போல ஒரு காலை உள்ளே விட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, மற்றக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

"இப்ப தெரியுதோ சம்பந்தம்?" என்றேன்.

"கதையை விட்டிட்டு ஸ்ராட் பண்ணும்."

காற்று ஊட்டும் விதம்

தொழிலுக்குப் புதியவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் பெல்ட்டில் சுழலும் ஒரு காற்றுப் பம்பி. அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். கூடக் காற்றுப் போனால் கூடப் பெற்றோல் எரியும், கூடப் பலம் வரும். ரேபோசார்ஜருக்கும் இதே வேலைதான். ஆனால் அது சைலன்சருக்குப் போகும் புகையின் பலத்தில் சுழல்வதால், மிதித்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் எழும்பும், சில அரசாங்கக் கந்தோர்களைப் போல. சுப்பர்சார்ஜர் யோசிக்காது. கலியாண வீட்டுப் பந்தியில், போதும் போதும் என்று நாம் கையால் மறித்தாலும் விரல் இடுக்கால் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா? அவர்தான் சுப்பர்சார்ஜர்.

கண்டி வீதியில் ஏறினோம். ஓமந்தை வரைக்கும் அந்தக் கார் மிக ஒழுக்கமாக ஓடியது. கியர் மாறுவதே தெரியவில்லை. ஸ்ரியரிங் நாம் நினைப்பதற்கு ஒரு கணம் முன்னரே திரும்பியது போல இருந்தது. சஸ்பென்சன் இறுக்கம், றோட்டில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் முள்ளந்தண்டுக்கு அறிவிக்கும். மாடு குறுக்கே வந்தபோது பிறேக்கைத் தொட்டேன். கார் நின்ற விதத்தைப் பார்த்து மாடே திகைத்துப்போனது.

ஓமந்தை தாண்டியதும் முதலாளி மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, எனக்கு ஏதோ செய்யுது."

"என்ன முதலாளி?"

"இருக்கிற இடம் சுடுது. கனநேரமாச் சொல்லாமல் இருந்தனான். மூலச்சூடாக்கும் எண்டு நினைச்சன்."

பார்த்தால், அவருடைய கை பட்டு ஒரு பொத்தான் அமுங்கியிருந்தது.

"குளிர் தேசத்து ஆக்களுக்குச் செய்த கார் முதலாளி. கதிரைக்குள்ள அடுப்பு வைச்சிருக்கிறாங்கள்."

"வன்னியில கதிரைக்கு அடுப்போ! நிப்பாட்டும் ஐசே!"

பொத்தானை அமுக்கி அடுப்பை நிறுத்தினேன். கண்டி வீதியில் வேகமாக ஓடுகிறவர்களைப் பிடிக்கும் பொலிசார் மர நிழலில் நிற்பார்கள். அவர்கள் இல்லாத இடத்தில்தான் இந்தக் காரின் உண்மையான குணம் தெரியும். அதனால் புளியங்குளச் சந்தியில் வலப்பக்கம் திரும்பி நெடுங்கேணி றோட்டில் விட்டேன். அங்கே காட்டுக்கு நடுவே ஒரு நீண்ட நேர்த்துண்டு உண்டு. புதிதாகத் தார் போட்ட கார்ப்பெட், ஆளில்லை, மாடில்லை. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். மிதித்தேன்.

முதலில் எஞ்சினின் மேலிருந்து மெல்லிய ஊதல் ஒன்று எழும்பியது. பிறகு ஆறு சிலிண்டரும் ஒரே தொண்டையால் கத்தின. முதுகை யாரோ கதிரையோடு சேர்த்து ஆணி அடித்தது போல இருந்தது. காடு இரண்டு பச்சைக் கோடுகளாகிப் போனது. நான் ஐம்பதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சீனி வருத்தக்காரன். அந்தச் சில கணங்களுக்கு இவற்றில் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை.

வேகத்தைக் குறைத்த பின் கேட்டேன். "நாரி எப்பிடி முதலாளி?"

"நாரியோ? அது புளியங்குளத்தில நிக்குது. பிறகு போய் எடுப்பம்."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்தவர்கள் போலச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் வளைவு திரும்பினோம். திரும்பினால், றோட்டு முழுக்க உழுந்து.

மரியாதையாகச் செய்த பிழை

வன்னியில் வாகனம் ஓடிப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தை, மாசியில் உழுந்தைச் செடியோடு பிடுங்கி, காயவைத்து, கார்ப்பெட் றோட்டில் பரப்பி விடுவார்கள். போகிற வருகிற வாகனங்களின் ரயர் ஏறினால் காய் உடைந்து உழுந்து பிரியும். அதனால் உழுந்தைக் கண்டால் சாரதி விலத்திப் போகக் கூடாது. வேகத்தைக் குறைத்து, நேராக அதன் மேல் ஏற்றிப் போக வேண்டும். விலத்திப் போகிறவனை இங்கே யாரும் நல்ல சாரதி என்று சொல்லமாட்டார்கள். நான் பஸ் ஓடிய காலத்தில், கொஞ்சம் விலகினாலே பின்சீட்டில் இருந்து "ஏத்துங்கோ ட்ரைவர், ஏன் பஞ்சிப்படுறியள்?" என்று குரல் வரும்.

என் கை தானாகவே திரும்பியது. போதாக்குறைக்கு முதலாளியும் சொன்னார். "வடிவா ஏத்தும் தம்பி. பாவம் சனம். மழையும் வரப்போகுது."

பஸ்ஸின் அடிவயிறு நிலத்தில் இருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும். இந்தக் காரின் அடிவயிறு ஐந்து விரல் உயரத்தில் இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்யும் பரவசத்தில் நான் இதை மறந்துபோனேன். கார் உழுந்தின் மேல் ஏறவில்லை, உழுந்தைத் தின்னத் தொடங்கியது. செடி முழுக்கச் சுருண்டு அடியில் போய் அடைந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் அந்தச் சைலன்சர் குழாயை நான் நெருப்பாகக் காய்ச்சியிருந்தேன்.

றோட்டோரத்தில் கவைக்கம்போடு நின்ற பெண் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். நானும் கையைக் காட்டினேன். முதலாளி தலையை அசைத்து நன்றியை ஏற்றுக்கொண்டார்.

பிறகுதான் வாசனை.

"தம்பி, திருப்பி அடுப்பைப் போட்டிட்டீரோ?"

"இல்லை முதலாளி."

"அப்ப உது என்ன மணம்?"

முன்பக்கப் பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் புகை எழும்பியது. பிறேக்கை மிதித்து நிறுத்தினேன். உள்ளே இறங்க அவ்வளவு நேரம் எடுத்த முதலாளி வெளியே ஏற எடுத்த நேரத்தைப் பார்த்தால் அந்தக் காருக்கே பொறாமை வந்திருக்கும். றோட்டின் அந்தக் கரையில் போய் நின்றுகொண்டு கத்தினார்.

"தம்பி! நான் இன்னும் வாங்கேல்லை! கார் அவையின்ர கார்!"

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மிதித்தால் ஒரு மூச்சில் இந்தக் கார் உழுந்தைத் தாண்டி வெளியே பாய்ந்துவிடும். அதற்குத்தானே இவ்வளவு காற்றும் ஊட்டி வைத்திருக்கிறார்கள். கால் பிறேக்கில் இருந்து எழும்பிவிட்டது. அதற்குள் அந்தப் பெண் காருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"ஓட்டிடாதீங்கண்ணே! நெருப்ப இழுத்துக்கிட்டுப் போயிரும்! எல்லாம் பத்திக்கும்! அப்புடியே நில்லுங்க!"

நின்றேன். அவர் கவைக்கம்பால் காருக்கு முன்னால் கிடந்த உழுந்தை வாரத் தொடங்கினார். ஓரமாக ஒதுக்கி வைக்க அவகாசம் இல்லை. பெரிய பெரிய பிடியாக, பக்கத்தில் தண்ணீர் நின்ற வாய்க்காலுக்குள்ளேயே தள்ளினார். காய்ந்த உழுந்து தண்ணீரில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு கார் நிற்கும் அளவுக்கு வெறும் றோட்டுத் தெரிந்ததும் "இப்ப வாங்க, மெதுவா, மெதுவா!" என்று கூப்பிட்டார்.

சுப்பர்சார்ஜர் பூட்டிய ஆறு சிலிண்டர் காரை நான் நத்தை போல நகர்த்தினேன். அதைவிடக் கவனமாக எந்த வாகனத்தையும் நான் ஓடியதில்லை. வெறும் றோட்டில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி இறங்கினேன். அவர் அதற்குள் நிலத்தில் படுத்து, கவைக்கம்பை அடியில் விட்டுப் புகைந்த பந்தை இழுத்து வெளியே எடுத்துவிட்டார். நான் றோட்டோரத்து மணலை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். தான் குடிக்க வைத்திருந்த பிளாஸ்ரிக் கான் தண்ணீரை அவர் காரின் அடியில் ஊற்றினார். முதலாளியும் ஓடிவந்து, வழிக்கென்று காருக்குள் வைத்திருந்த சோடாவை எடுத்து ஊற்றினார். நெருப்பு அணைந்தது.

மழைக்கு முன்

அவருடைய பெயர் லெட்சுமி. தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவருடைய பேச்சில் இன்னும் அந்த மலை இருந்தது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். அந்த நிலைமையில் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி மரியாதை செய்வதைவிட வேறு என்ன செய்ய முடியும்?

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பழக்கத்தில ஏத்திப்போட்டன்."

"நீங்க நல்லதுக்குத்தான் ஏத்துனீங்க. தெரியுதுங்கண்ணே." அவர் கண் மேலே வானத்தில் இருந்தது. "உழுந்தடிக்க நேத்தே வாறேன்னு சொன்ன மெசின்காரரு இன்னும் வரல. இந்த றோட்டுல காலையில இருந்து ரெண்டு மோட்டச்சைக்கிளுதான் போச்சு. மழ விழுந்தா எல்லாம் முளைச்சிருங்க. இந்தப் போகத்துக்கு எங்களுக்கு இதுதான் இருக்குது."

வாய்க்காலில் மிதந்த உழுந்தைப் பார்த்தேன். ஏறக்குறைய காற்பங்கு அதற்குள் போயிருந்தது. மீதி றோட்டில் உடைபடாமல் கிடந்தது. நெடுங்கேணிப் பக்கம் இடி முழங்கியது.

முதலாளி வேட்டியில் இருந்த மணலைத் தட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"டேய், லொறி எங்கை நிக்குது? புளியங்குளத்திலயோ? வெறும் லொறிதானே? தேத்தண்ணியை வைச்சிட்டு நெடுங்கேணி றோட்டால வா. ஓம், இப்ப. ஏன் எதுக்கு எண்டு பிறகு கேள்."

லொறி வந்தது. ஆலையின் பழைய யப்பான் லொறி. சாரதியை இறக்கிவிட்டு நானே ஏறினேன். சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளி அவன் கையில் சாக்கைக் கொடுத்து "பிடி" என்றார்.

ஓடிப்பார்த்தல் என் தொழில் என்பதால் இதையும் பதிவு செய்கிறேன். அந்த லொறிக்கு ஸ்ரியரிங்கில் அரைவாசிச் சுற்று வெறுஞ் சுற்று. கிளச் மிதிக்க முழு உடம்பும் வேண்டும். கதிரைக்குள் அடுப்பு இல்லை, கதிரை என்பதே பெயரளவில்தான். ஆனால் உழுந்தின் மேல் அது போன விதம் இருக்கிறதே! ரயர் ஏற ஏறக் காய்கள் உடைந்த சத்தம் அப்பளம் நொறுங்குவது போலக் கேட்டது. முன்னால் போனேன், பின்னால் வந்தேன். நான் தாண்டிய இடத்தை லெட்சுமி கவைக்கம்பால் புரட்டிப் போட்டார். மறுபடி வந்தேன். முதலாளி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு செடியை உதறித் தள்ளினார். நாரி நோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரிந்த உழுந்துப் பொலியை இரண்டு குவியலாகக் கூட்டியபோது காற்று மாறியது. தூற்ற நேரமில்லை. மழைக்கு மூட லெட்சுமியிடம் இருந்த படங்கு ஒரு குவியலுக்குத்தான் போதுமாக இருந்தது. லொறிப் படங்கு ஆலையில் காய்கிறதாம். முதல் துளி என் மூக்கில் விழுந்தது. நான் ஓடிப்போய்க் காரின் டிக்கியைத் திறந்தேன். ஏதாவது அகப்படாதா என்று பார்த்தால், உள்ளே அந்தக் காருக்கென்றே தைத்த கவர் மடித்து வைத்திருந்தது. தண்ணீர் புகாத துணி, உட்பக்கம் பஞ்சு போன்ற மெத்து, வெள்ளி நிற ஓரம்.

"அது அவையின்ர சாமான் தம்பி," என்றார் முதலாளி.

"காரும் அவையின்ரதான் முதலாளி. அது நனையட்டும்."

இரண்டாம் குவியலைக் கவரால் மூடி, ஓரத்துக்குக் கல் வைத்தோம். வைத்து முடிய மழை அடித்து ஊற்றியது. உழுந்து இரண்டு கதவுக் காரின் சட்டையைப் போட்டுக்கொண்டு றோட்டோர மேட்டில் படுத்திருந்தது. கார் வெறும் மேலோடு மழையில் நின்றது.

நாங்கள் லொறியின் முன்பக்கத்தில் நெருங்கி ஏறி இருந்தோம். கண்ணாடியால் பார்த்தபோது இரண்டு குவியலும் அசையாமல் இருந்தன. லெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல் தடவையாகச் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"கெடக்குது அண்ணே. நனையல," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? நெருப்புப் பிடிச்ச உடனை நீங்கள் உங்கட உழுந்தை இழுத்து ஒதுக்கியிருக்கலாம். எங்களுக்கு வழி விடுறதுக்கெண்டு ஏன் தண்ணிக்குள்ள தள்ளினியள்? விலை கூடின கார் எண்டோ?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். அதைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"அது என்ன காருன்னே எனக்குத் தெரியாதுங்கண்ணே," என்றார். "உள்ள நீங்க உக்காந்திருந்தீங்கள்ல."

புகை வந்த நேரம் முழுக்க நான் கதவைத் திறந்து இறங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெறுமதியான சாமான் ஒன்று எரியப் போகிறது என்றுதான் யோசித்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சாமானுக்குள் நானும் இருக்கிறேன் என்பதை றோட்டில் நின்ற ஒருவர்தான் கவனித்திருக்கிறார்.

என்னுடைய தீர்ப்பு

சொந்தக்காரரின் அக்காவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். காரின் அடியில் ஒரு பிளாஸ்ரிக் தட்டு உருகியிருந்தது. முதலாளி கராஜில் விட்டு மாற்றிக் கொடுத்தார். கவர் சில நாள் கழித்து லெட்சுமியிடம் இருந்து தோய்த்து மடித்தபடி வந்து சேர்ந்தது. முதலாளி காரை வாங்கவில்லை. "நல்ல சாமான்தான் தம்பி. ஆனால் உழுந்தில ஏத்தேலாத வாகனத்தை வைச்சு நான் இங்கை என்ன செய்யிறது?" என்றார். அந்தக் காருக்கு இதைவிடச் சரியான மதிப்பீட்டை நான் எழுத முடியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். எஞ்சினை ஆறவிட்டு ஸ்ராட் செய்து கேளுங்கள். இருக்கையில் ஏறுவதற்கு முன்னர் நிலத்தில் படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்கேயாவது புகை வந்தால், வாகனம் யாருடையது, விலை என்ன என்பதை எல்லாம் பிறகு யோசிக்கலாம், முதலில் இறங்குங்கள். இந்தக் கடைசி விஷயம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள லெட்சுமி அக்காவின் உழுந்தில் காற்பங்கு வாய்க்காலில் போக வேண்டியிருந்தது.